மொட்டை மாடிக்கு ஒரு முட்டுக்கட்டை

கரண்ட் போய் மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வெயில் மட்டும் போகவில்லை.

கச்சிராயபாளையத்தில், சேவியர்ராஜ் வீட்டு மொட்டை மாடியில், பகல் பன்னிரண்டு மணிக்கு நான் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு வரச் சொன்னது சுபஸ்ரீ மேடம். தடயம் அழிந்துவிடுமாம். என் உள்ளங்கால் அழிந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

"பாவாடையண்ணே, ஆடாம நில்லுங்க."

"ஆடல மேடம். வேவுறேன்."

என் பெயர் பாவாடை. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் பக்கம் அது குலசாமி பெயர், ஊருக்கு நாலு பேர் இருக்கிறோம். பன்னிரண்டு வருடம் ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு, இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் சுபஸ்ரீ துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். அங்கே இருப்பதே இரண்டு பேர்தான். மேடம் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனியில் விசாரணை பார்த்தவர். பொய் சொல்கிறவர்களையே பார்த்துப் பார்த்து, அவருக்கு உண்மை சொல்கிறவர்கள் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

இந்தக் கேஸில் கொலை கிடையாது, கொள்ளை கிடையாது. ஒரு மனுசன் தன் வீட்டுக்கு சோலார் போட ஆசைப்படுகிறான், போட முடியவில்லை. அவ்வளவுதான் கேஸ். இதற்கு மூன்று நாளாக அலைகிறோம்.

"மறுபடியும் முதல்ல இருந்து சொல்லுங்க சார்" என்றார் மேடம்.

சேவியர்ராஜுக்கு நாற்பது வயது. கோர்ட்டில் கிளார்க். எதற்கும் ஒரு ஃபைல் வைத்திருக்கிறவர். அந்த ஃபைலையே தலைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப் போச்சு மேடம். ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கினே இருக்கணும். இங்க மலையடிவாரம், வெயில் காலத்துல கரண்ட் போச்சுன்னா நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம். இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரத்துல கைய விரிச்சிடுது. அப்புறம் சிலிண்டர்தான். போன ஞாயித்துக்கெழம சிலிண்டரும் தீந்து போயி, அம்மா ஒதடு நீலமா..." ஃபைலை இறக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, கம்பெனிக்காரங்க?"

"மூணு பேர் வந்தாங்க. மூணு பேரும் மேல ஏறுனாங்க, டேப் புடிச்சாங்க, நெழலே இல்ல, சூப்பர் மாடின்னாங்க. மறுநாளு மூணு பேரும் ஒரே பாட்டு. 'வேணாம் சார், வேற ஆளப் பாருங்க'ன்னு சொல்லிட்டு வெச்சிட்டாங்க."

மூன்று கொட்டேஷனையும் மேடம் ஏற்கெனவே படித்திருந்தார். முதல் கம்பெனி சொன்னது ஆன்-கிரிட். மானியம் வரும், பில் குறையும், ஆனால் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேனுக்கு ஷாக் அடித்துவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். சேவியர்ராஜின் அம்மா லூசியம்மாவின் மூச்சுக்கு அது ஆகாது. இரண்டாவது கம்பெனி ஒரு ரூம் நிறைய பேட்டரி வைக்கச் சொன்னது. அதற்கு முதலில் ஒரு ரூம் கட்ட வேண்டும். மூன்றாவது சரத்குமார் என்ற இளைஞருடைய கம்பெனி. ஹைபிரிட். வெயிலில் பேட்டரியை நிரப்பும், மிஞ்சினால் லைனுக்கு அனுப்பும், கரண்ட் போனாலும் மெஷின் நிற்காது. சேவியர்ராஜ் தேர்ந்தெடுத்தது இதைத்தான். தேர்ந்தெடுத்து என்ன பிரயோஜனம்?

"சரத்குமார் ஆபீஸ்ல கேட்டேன் மேடம், சாமான் ஒரு செட்டுதான் இருக்காம். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லலன்னா வேற வூட்டுக்குப் போயிடும். அடுத்த செட்டு வர ரெண்டு மாசம் ஆவும்." மே மாத வெயிலைப் பார்த்தார். "ரெண்டு மாசம் அம்மா தாங்க மாட்டாங்க."

எனக்குத் தலை சுற்றியது. பக்கத்தில் தூணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் சாய்ந்தேன். எங்கள் பக்கம் வீடு கட்டுகிற எவரும் கட்டி முடிப்பதில்லை. பின்னால் மாடி எடுக்கலாம் என்று, மூலைத் தூண்களின் கம்பியைத் தோள் உயரத்துக்கு அப்படியே விட்டுவைப்பார்கள். பாதிப் பேர் மாடி எடுப்பதே இல்லை. கம்பி துருப்பிடித்துத் துணி காயப்போடத்தான் ஆகும்.

"அண்ணே, சட்டை!" என்றார் மேடம்.

குனிந்து பார்த்தேன். போன வாரம் எடுத்த வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து இடுப்பு வரை நான்கு செங்கல் நிறக் கோடுகள்.

"அடக் கடவுளே! ரெட் ஆக்சைடு!" என்று அலறினேன். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கிற பெயிண்ட்.

மேடம் என் சட்டையைப் பார்த்த மகிழ்ச்சியை இதுவரை என் முகத்தைப் பார்த்துக் காட்டியதே கிடையாது. கம்பியை விரலால் தொட்டு முகர்ந்தார். "இந்த வூடு கட்டி எத்தன வருசம்?"

"பதினெட்டு."

"பதினெட்டு வருசக் கம்பி, ஒரு பொட்டுத் துரு இல்ல. ரெண்டு நாளைக்குள்ள பெயிண்ட் அடிச்சிருக்காங்க. யாரு மேல வருவா?"

"யாரும் வர மாட்டாங்க. அப்பா மட்டும் மாசம் ஒருக்கா டேங்க் கழுவ வருவாரு."

"மாடி எடுக்கப் போறீங்களா?"

சேவியர்ராஜ் எரிந்து விழுந்தார். "யாருக்கு மேடம் மாடி? நான், ஜெனிபர், அப்பா, அம்மா. நாலு பேருக்குக் கீழ இருக்கிறதே ஜாஸ்தி." கொஞ்சம் நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி ஒருத்தி இருக்கா. எஸ்தர். மேல வெள்ளிமலையில நர்ஸ். அங்க ஜீப் ஓட்டுற தமிழழகன்னு ஒருத்தர அவ இஷ்டத்துக்குக் கட்டிக்கினா. ஆறு வருசம் ஆச்சு. அப்பா அன்னைலேர்ந்து அவ பேர வாயில எடுக்கல. வூட்ல யாரும் எடுக்கக் கூடாது. அந்தக் கத இதுக்கு எதுக்கு?"

மேடம் சரத்குமாருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மூன்று நாளாக எடுக்காத ஆள், நாலாவது ரிங்கில் எடுத்தார்.

"நான் துப்பறியும் நிலையத்துலேர்ந்து பேசுறேன். கச்சிராயபாளையம் வூட்ட ஏன் வேணாம்னீங்க?"

"அய்யோ மேடம், நான் எங்க வேணாம்னேன்? வூட்லேர்ந்துதான் ஆபீஸ் லேண்ட்லைனுக்குப் போன் வந்துச்சு. 'மாடி எடுக்கப் போறோம், பேனல் வேணாம், எம் புள்ள கிட்ட சொல்லாதீங்க'ன்னு."

சேவியர்ராஜ் வாயைப் பிளந்தார்.

"ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?"

"வெளங்கல. குசுகுசுன்னு, விட்டு விட்டுக் கேட்டுச்சு. டவர் இல்ல போல. பின்னால ஒரு சத்தம் மட்டும் நல்லா கேட்டுச்சு. பம்ப் அடிக்கிற சத்தம். ஏதோ பஞ்சர் கடையில நின்னுக்கினு பேசுனாங்கன்னு நெனக்கிறேன்."

"சரி, நாங்க சொல்றோம். அந்தப் போன நம்பாதீங்க. சாமான அனுப்புங்க."

"மன்னிச்சிடுங்க மேடம். மணலூர்பேட்டையில ஒரு வூட்ல புள்ள போடுன்னாரு, அப்பன் ஒரே வாரத்துல கழட்டுன்னாரு. அவங்க கூட மல்லுக்கட்டி நான் பட்டது போதும். போன் பண்ண ஆளே சரின்னு சொல்லணும். அஞ்சு மணி வரைக்கும் வெயிட் பண்றேன்."

நான் மாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். பக்கத்து மனையில், தகரக் கூரைக்கு முன்னால், ஒரு பழைய டயரில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது: வெங்கடேசன் பஞ்சர் கடை.

"மேடம்! கேஸ் முடிஞ்சுது! கெளம்புங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்!"

இறங்கும்போது ஹாலைக் கடந்தோம். ஜன்னலோரக் கட்டிலில் லூசியம்மா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய், குழாயின் மறுமுனை சிலிண்டரில். ஆக்சிஜன் மெஷின் கரண்ட் இல்லாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்தது. மருமகள் ஜெனிபர் பழைய காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க... வெயில்ல... காப்பி... குடிங்க" என்றார் லூசியம்மா. அந்த நான்கு வார்த்தைக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"அத்த, பேசாதீங்க. சிலிண்டர் பாதிதான் கீது" என்றார் ஜெனிபர்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த அம்மாவின் மூச்சை நிறுத்தப் பார்க்கிறவன் எவனாக இருந்தாலும் இன்றைக்கு அவன் டயரில் காற்று இருக்கக் கூடாது என்று நேராகப் பஞ்சர் கடைக்குப் போனேன்.

வெங்கடேசன் ஸ்டூலில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்பேனரைத் தூக்கிவிட்டார்.

"நானா? நான் எதுக்கு சோலார வேணாம்னு சொல்லணும்? லூசியக்கா மூச்சு இழுக்கிறது ராத்திரி செவுத்தத் தாண்டி கேக்குது. நானும் எம் பொண்டாட்டியும் தூங்கி எத்தன நாளு ஆச்சு தெரியுமா? பேனலக் குடுங்க, நானே தோள்ல தூக்கிக்கினு மேல ஏறுறேன்!"

"சத்தம் உங்க கடைச் சத்தம்."

"எங்கடையில கம்ப்ரஸர். டடடடன்னு ஊரே எழுந்துக்கும். கரண்ட்டு வந்தா போட்டுக் காட்டுறேன். வரணுமே!"

"கைப் பம்ப் இருக்குதா?" என்றார் மேடம்.

இருந்தது. சரத்குமாரை மறுபடி லைனில் பிடித்து, போனை என் பக்கத்தில் வைத்து, "அடிங்க அண்ணே" என்றார். அடித்தேன். ஒரு சைக்கிள் டியூப், ஒரு மொபெட் டியூப், கடைசியில் வெங்கடேசன் சத்தமில்லாமல் நகர்த்தி வைத்த டிராக்டர் டியூப்.

"இதுவா சார்?" மூச்சு வாங்கக் கேட்டேன்.

"இல்லீங்க. அது இன்னும் நிதானம். புஸ்ஸ்னு வரும், அப்புறம் டக். கொஞ்சம் கேப் விட்டு மறுபடி புஸ்ஸ், டக். தூங்கிக்கினே பம்ப் அடிக்கிற மாதிரி."

"இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதாய்யா! ஒரு டிராக்டருக்குக் காத்து அடிச்சிட்டேன்!"

வெங்கடேசன் மட்டும் திருப்தியாகத் தெரிந்தார். மணி இரண்டு. கரண்ட் இல்லை, குற்றவாளி இல்லை, வெள்ளைச் சட்டையும் இனி வெள்ளை இல்லை.

திரும்பி வந்தபோது வாசலில் ஜான் பெரியவர் நின்றிருந்தார். சேவியர்ராஜின் அப்பா. சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் மெஷின் பக்கத்திலேயே நின்றதில் காது மந்தம். அதனால் அவர் சாதாரணமாகப் பேசினாலே ஆலைச் சங்கு ஊதுகிற மாதிரி இருக்கும்.

"தண்ணி குடிம்மா!" என்று மேடத்திடம் சொம்பை நீட்டினார். தெருவில் போன நாய் நின்று பார்த்தது.

மேடம் சொம்பை வாங்கவில்லை. அவர் விரல்களைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் செங்கல் நிறம்.

"இன்னா பெயிண்ட் பெரியவரே?"

"கேட்டுக்கு அடிச்சேம்மா!"

நான் கேட்டைப் பார்த்தேன். பச்சை. சந்தேகமே இல்லாத கிளிப்பச்சை.

"ஐயா, எனக்கும் அதே கேட்டுலதான் ஒட்டிக்கிச்சு" என்று சட்டையைக் காட்டினேன்.

அவ்வளவுதான். சேவியர்ராஜ் வெடித்துவிட்டார். "அப்பா! நீதானா? மாடி எடுக்கப் போறோம்னு போன் பண்ணது நீதானா? அம்மா செத்தாலும் பரவால்லையா உனக்கு?"

"டேய்! எந்தப் போனுடா?"

"கம்பிக்கு எதுக்கு பெயிண்ட் அடிச்ச?"

"இரும்பு துருப் புடிக்கக் கூடாது, அவ்ளோதான்!"

"யாருக்கு மாடி? சொல்லு, யாருக்கு?"

பெரியவர் செங்கல் நிற விரல்களை வேட்டியில் துடைத்தார். "யாருக்கும் இல்ல. பைபிள் மேல சத்தியமா போன் நான் பண்ணல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

நான் மேடத்தின் காதருகே போனேன். "அவருதான் மேடம். எழுதிக்கங்க. மணி ஆவுது."

"இவரு ரகசியம் பேசுனா மூணு தெருவுக்குக் கேக்கும். இவரால குசுகுசுன்னு பேச முடியுமா அண்ணே?"

அட, ஆமாம்.

"அப்ப யாரு மேடம்?"

"கரண்ட் வரட்டும். வந்தா தெரியும்."

இதைச் சொல்லிவிட்டு மேடம் ஹாலில் போய் உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. துப்பறிகிறவர்கள் துரத்துவார்கள், மறைந்து நிற்பார்கள், சுவர் ஏறிக் குதிப்பார்கள். எங்கள் மேடம் மின்வாரியத்துக்காகக் காத்திருக்கிறார்! மூன்று மணி. மூன்றரை. சேவியர்ராஜ் மின்வாரிய ஆபீசுக்கு ஆறு தரம் போன் போட்டார், ஆறு தரமும் பிஸி. நாலு மணிக்கு ஜெனிபர் சிலிண்டர் முள்ளைப் பார்த்துவிட்டு வேகமாக விசிற ஆரம்பித்தார். நாலேகாலுக்கு வெங்கடேசன் எட்டிப் பார்த்து, இன்னொரு டிராக்டர் டியூப் வந்திருப்பதாகச் சொன்னார். நான் பார்த்த பார்வையில் போய்விட்டார்.

நாலு நாற்பத்தேழுக்கு ஃபேன் சுற்றியது.

ஜெனிபர் ஓடிப் போய் மெஷினைப் போட்டுக் குழாயை மாற்றினார். மெஷின் ஒரு பீப் கொடுத்தது. பிறகு ஓட ஆரம்பித்தது.

புஸ்ஸ்... டக்.

புஸ்ஸ்... டக்.

மேடம் ஏற்கெனவே சரத்குமாருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மெஷின் பக்கமாக நீட்டியிருந்தார்.

"ஆங், இதே சத்தம்தான் மேடம்! எந்தப் பஞ்சர் கடை?"

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். லூசியம்மா தலையணைக்குக் கீழே கையை விட்டு, ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதற்குள்ளிருந்து மூன்று விசிட்டிங் கார்டுகள் மடியில் விழுந்தன.

"அம்மா, நீயா?" சேவியர்ராஜ் கட்டிலோரம் மண்டியிட்டார். "உனக்காகத்தானே நான் நாய் மாதிரி அலையுறேன்!"

"தெரியும்... சாமி." ஒவ்வொரு வார்த்தைக்கும் மெஷின் ஒரு தரம் டக் என்றது. "வந்த மூணு பேரும்... எறங்கும்போது சொன்னாங்க... கம்பிய அறுத்துடலாம்னு. எங்காதால கேட்டேன்."

"சும்மா நீட்டிக்கினு கெடக்குற கம்பி, அறுத்தா இன்னா?"

"சும்மா இல்லடா... அது துருப் புடிக்க... உங்கப்பா வுடல." பெரியவரைப் பார்த்தார். "டேங்க் கழுவுறேன்னு... மாசா மாசம் மேல போறாரு. வரும்போது பெயிண்ட்டுத் தின்னர் வாசன. மூச்சு நோவுக்காரிக்கு... அது தெரியாமப் போவுமா? ஆறு வருசமா வாயால அவ பேரு சொல்லல. ஆனா அவளுக்கு மாடி எடுக்கன்னு... வுட்டு வெச்ச கம்பிய வுடல. அந்தக் கம்பி இருக்கிற வரைக்கும்... எம் பொண்ணு வருவான்னு இருந்தேன். அத அறுத்துட்டு வர்ற கரண்ட்டு... எனக்கு வேணாம்."

பெரியவர் எழுந்து வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி சொன்னதில் பாதியாவது அந்தக் காதில் விழுந்ததோ இல்லையோ, கார்டுகள் கண்ணில் பட்டுவிட்டன. "பைத்தியக்காரி" என்றார், அவரால் முடிந்த அளவு மெல்ல. "அதுக்குன்னு மூச்ச வுட்டுடுவியா?"

ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம். நான் கைக்குட்டையைத் தேடினேன். சட்டையில்தான் துடைக்க வேண்டியிருந்தது, முகமெல்லாம் செங்கல் நிறமானது.

போனிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. சரத்குமார் இன்னும் லைனில் இருந்திருக்கிறார்.

"மேடம்... கம்பிய அறுக்கணும்னு ஒண்ணும் இல்லீங்க. ஸ்டாண்ட உசரமா போட்டா பேனல் மேல நிக்கும். கம்பி அது பாட்டுக்குக் கீழ இருக்கும். பின்னால கீழ ரூமே கட்டிக்கலாம்."

நான் போனைப் பிடுங்கினேன். "ஏன்யா! இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாய்யா?"

"யாரும் கேக்கலீங்க. எல்லா வூட்லயும் அறுக்கச் சொல்லுவாங்க. சரி, போட்டுடலாமா? அம்மா சரின்னு சொல்லணும்."

லூசியம்மா கணவரைப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

"சரிங்கறாங்கய்யா!" என்று கத்தினேன்.

"அப்ப உசரம் சொல்லுங்க. எட்டடியா, பத்தடியா? கீழ ரூம் வரும்னா இப்பவே சொல்லிடணும். அப்புறம் மாத்த முடியாது."

சேவியர்ராஜ் ஃபைலைத் திறந்தார். "செலவு கம்மியா, எட்டடி..."

"பன்னெண்டடி போடுப்பா!" ஆலைச் சங்கு ஊதியது. பெரியவர் போனைப் பார்த்து நேராக நின்றிருந்தார். "ஃபேன் மாட்டணும். எஸ்தர் வூட்டுக்காரரு ஆறடி. தல இடிக்கும்."

காலண்டர் அட்டை ஜெனிபர் கையிலிருந்து கீழே விழுந்தது. சரத்குமார் எதுவும் புரியாமல் பன்னிரண்டு என்று திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.

லூசியம்மா குழாயைக் கையால் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாங்க... இன்னொரு தரம்... சொல்லுங்க."

"பன்னெண்டடி."

"அது இல்லீங்க."

பெரியவர் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெஷின் இரண்டு தரம் டக் என்றது. பிறகு, பக்கத்து மனையில் வெங்கடேசன் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, தன் சாதாரணக் குரலில் மகள் பெயரைச் சொன்னார்.